கோடியில் கிடக்கும் பழைய சைக்கிளைத் தீவுப்பக்கம் ஓடவைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் பல வீடுகளின் கோடிப்புறத்தில் ஒரு பழைய சைக்கிள் சாய்ந்து கிடக்கும். அப்பாவோ பெரியப்பாவோ வேலைக்கு ஓடிய ராலியாக இருக்கலாம், அக்கா ரியூசனுக்குப் போன லுமாலாவாக இருக்கலாம். மோட்டார் சைக்கிள் வந்த பிறகு அது மெல்ல மெல்லக் கொட்டிலுக்குள் போய், பிறகு கொட்டிலுக்கு வெளியே வந்து, வேலியோடு நின்றுவிட்டது. 1990களில் பெற்றோலும் மின்சாரமும் இல்லாதபோது குடாநாட்டைச் சுமந்தது இந்தச் சைக்கிள்தான். நெல் மூட்டையும் போனது, நோயாளியும் போனார், சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோவில் செய்தி கேட்டோம். 2022இல் எரிபொருள் வரிசை வந்தபோதும் பலர் திரும்ப இதைத்தான் தூசி தட்டி எடுத்தார்கள்.

அப்படி ஒரு சைக்கிளை இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து, முற்றத்தில் வைத்து, சில வார இறுதிகளில் முழுதாகத் திருத்தலாம். திருத்தி முடித்ததும் அதிலேயே பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய், ஊர்காவற்றுறையில் கடலைக் கடக்கும் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறி, காரைநகரால் திரும்பி வரலாம். அந்தப் பயணத்தை முதலே மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். ஒழுங்கையில் ஒரு சுற்று ஓடிப் பார்த்தால் அரைகுறை வேலை தெரியாது. ஐம்பது கிலோமீற்றர் உப்புக்காற்றில் எல்லாம் தெரிந்துவிடும்.

முதலில் பார்க்கவேண்டியது பிறேம்

துருவைப் பார்த்துப் பயப்படவேண்டாம். மேலே பிடித்த துரு பெரும்பாலும் அழகுப் பிரச்சினைதான். பார்க்கவேண்டியது உள்ளே அரித்த துருவை. சைக்கிளைத் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு, பிறேம் குழாய்கள் பொருந்துகிற மூட்டுக்களை விரலால் தடவிப் பாருங்கள். ஹாண்டில் கழுத்துக்குக் கீழே, பெடல் தண்டு ஓடுகிற இடத்தின் அடிப்பக்கம், பின்சில்லு பூட்டுகிற கவை, இந்த மூன்றும் முக்கியம். பெடல் தண்டின் அடியில் மழைத்தண்ணீர் தேங்கி நின்று அரிக்கும். ஒரு சின்ன ஸ்பனரால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல குழாய் கணீர் என்று கேட்கும், அரித்த இடத்தில் சத்தம் மந்தமாகிவிடும். பெயின்ற்றில் மயிர்போல ஒரு கோடு ஓடி, அதற்குள் துரு தெரிந்தால் அது வெடிப்பு. மூட்டில் வெடிப்பு இருந்தாலோ முன் கவை வளைந்திருந்தாலோ அந்தப் பிறேமை விட்டுவிட்டு வேறு ஒன்றைத் தேடுங்கள். ஒட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். ஓடும்போது முன் கவை முறிந்தால் முகம்தான் முதலில் நிலத்தில் படும்.

சில்லின் அளவையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கும். ஆண்கள் ஓடும் பெரிய சைக்கிள்களில் பெரும்பாலும் 28 x 1½ இருக்கும், சின்னச் சைக்கிள்களில் 26 x 1⅜. கவனிக்கவேண்டியது என்னவென்றால், 28 என்று எழுதிய ரயர் எல்லாம் ஒரே அளவு கிடையாது. 28 x 1½ ரயர் உட்காரும் றிம்மின் விட்டம் 635 மில்லிமீற்றர். இன்னொரு 28க்கு அது 622 மில்லிமீற்றர். ஒன்று மற்றதில் ஏறவே ஏறாது. கடைக்குப் போகும்போது பழைய ரயரையே கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதுதான் நல்லது.

சாமான்களைப் பங்குபோடுங்கள்

எல்லாச் சாமானையும் ஒருவரே வாங்கத் தேவையில்லை. நண்பர்கள் சேர்ந்து செய்வதன் முதல் லாபம் இதுதான். ஒருவரிடம் காற்றடிக்கிற பம் இருக்கும், ஒருவரிடம் நல்ல ஸ்பனர் செற், இன்னொருவரின் அப்பாவிடம் வைஸ் இருக்கும். புதிதாக வாங்கவேண்டியவை கொஞ்சம்தான்: ஒரு ரின் கிறீஸ், தையல் மெசினுக்கு விடுகிற எண்ணெய், ஒட்டுப் போடும் சொலூசனும் ரப்பரும், பித்தளைக் கம்பி பிறஷ், அரை லீற்றர் மண்ணெண்ணெய். பழைய சாரத்துண்டுகள் நிறைய வேண்டும்.

பழைய இங்கிலாந்துச் சைக்கிள்களின் நட்டுக்கள் அங்குலக் கணக்கில் செய்தவை. மில்லிமீற்றர் ஸ்பனரை அதில் போட்டால் கிட்டத்தட்டப் பொருந்துவதுபோல இருக்கும், பலமாகத் திருப்பும்போது நட்டின் மூலை மழுங்கிவிடும். அங்குல ஸ்பனர் கிடைக்காவிட்டால் வாய் சரிசெய்யக்கூடிய ஸ்பனரை இறுக்கிப் பிடித்துப் பாவியுங்கள்.

வெறும் ஐஸ்கிறீம் பெட்டிகள் நாலைந்து எடுத்துவைத்து, ஒவ்வொன்றிலும் எந்த இடத்துச் சாமான் என்று எழுதி ஒட்டுங்கள். கழற்றுவதற்கு முன்னால் கைபேசியில் படம் எடுங்கள். வாஷர் எந்தப் பக்கம் இருந்தது, மட்கார்ட் கம்பி உள்ளேயா வெளியேயா என்பதெல்லாம் ஒரு கிழமை கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கழற்றுதல்

முதல்நாள் பின்னேரம், கழற்றப்போகும் எல்லா நட்டுக்கும் மண்ணெண்ணெயும் எண்ணெயும் சரிபாதி கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். இரவு முழுக்க ஊறட்டும். விடிய வந்து பார்த்தால் பாதி நட்டுக்கள் சும்மா கழன்று வரும். இறுகிக் கிடப்பவற்றுக்கு ஸ்பனரைப் பூட்டி, அதன் முனையில் சுத்தியலால் சின்னதாக ஒரு தட்டு. தொடர்ந்து இழுப்பதைவிட அந்த அதிர்ச்சிதான் துருவை உடைக்கும்.

இடதுபக்கப் பெடல் மறுவளமாகத் திருகியது. வலப்பக்கப் பெடலை எல்லா நட்டையும்போல இடஞ்சுழியாகத் திருப்பிக் கழற்றவேண்டும், இடப்பக்கத்ததை வலஞ்சுழியாக. இது தெரியாமல் பலங்கொண்ட மட்டும் இறுக்கி மரை தேய்த்த சைக்கிள்கள் எத்தனையோ உண்டு.

சாக்கை விரித்து அதில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். ஒருவர் பிடிக்க ஒருவர் கழற்றுவது நல்லது. “மச்சான், கொஞ்சம் உன்ர பக்கம் சரி” என்று சொல்லிக்கொண்டு செய்கிற வேலை இது. தனியே செய்தால் கை மூன்று வேண்டும். ஒரு முறை பிடித்தவர் அடுத்த முறை கழற்றட்டும். அப்போதுதான் எல்லோர் கையும் பழகும்.

பெயின்ற் அடிக்கும் ஆசை எல்லோருக்கும் முதல்நாளே வரும். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

சில்லும் போல்ஸும்

இந்த வேலைக்குத்தான் நேரம் ஒதுக்கவேண்டும். சைக்கிள் லேசாக ஓடுவதும் இழுத்து இழுத்து ஓடுவதும் சில்லின் நடுவிலுள்ள ஹப்பில்தான் இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு பக்கமும் போல்ஸ் என்கிற சின்ன இரும்பு உருண்டைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கும், அவற்றை வெளியிலிருந்து கோன் என்ற கூம்பு நட்டு அணைத்துப் பிடித்திருக்கும்.

முன்சில்லைக் கழற்றி, கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்து, அதற்கு மேலே வைத்துத் திறவுங்கள். கோனை மெல்லத் திருப்பி எடுக்கும்போது போல்ஸ் விழும். விழுந்ததை உடனே எண்ணுங்கள். வழக்கமாக முன் ஹப்பில் பக்கத்துக்கு 3/16 அங்குலப் போல்ஸ் பத்து, பின் ஹப்பில் பக்கத்துக்கு கால் அங்குலப் போல்ஸ் ஒன்பது. உங்கள் சைக்கிளில் வேறு எண்ணிக்கை வந்தால், அதற்கு முன் திருத்தியவர் ஒன்றைக் குறைத்தோ கூட்டியோ போட்டிருக்கலாம். வட்டத்தில் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் இடைவெளி மிஞ்சவேண்டும், ஆனால் இன்னொரு போல்ஸ் புகும் அளவுக்கு இருக்கக்கூடாது. அதுதான் சரியான எண்ணிக்கை.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு போல்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புதியது கண்ணாடிபோல மின்னும். தேய்ந்ததில் மங்கலான புள்ளிகளும் ஊசி குத்தியதுபோலப் பள்ளங்களும் இருக்கும். ஒன்று அப்படி இருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள், விலை பெரிதில்லை. கோனிலும் போல்ஸ் ஓடிய தடத்தைப் பாருங்கள். சீரான ஒரு கோடு இருந்தால் நல்லது, குழி விழுந்திருந்தால் கோனையும் மாற்றவேண்டும். பழைய கோனின் மேல் புதுப் போல்ஸைப் போட்டால் சில மாதங்களில் திரும்பவும் இதே வேலைதான்.

பிறகு ஹப்பின் கிண்ணத்தில் கிறீஸைத் தாராளமாகப் பூசி, போல்ஸை ஒவ்வொன்றாக அதில் பதியுங்கள். கிறீஸே அவற்றைப் பிடித்துக்கொள்ளும். கோனைக் கையால் முட்டும்வரை திருகி, பிறகு கால் சுற்றுப் பின்னால் விட்டு, அதற்கு வெளியே இருந்து கோனை நகராமல் பிடிக்கும் லொக் நட்டை இறுக்குங்கள். அதை இறுக்கும்போது கோனும் கூடவே நகரும், அதனால் திரும்பத் திரும்பச் சரிசெய்யவேண்டிவரும். இங்கே பொறுமை போகக்கூடாது. அச்சை விரலால் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியக்கூடாது, சுற்றினால் கரகரக்கக்கூடாது.

சரிதானா என்று பார்க்க ஒரு நல்ல சோதனை உண்டு. சில்லைச் சைக்கிளில் பூட்டி, காற்றடிக்கிற வால்கட்டையைப் பக்கவாட்டில் நிறுத்திக் கையை எடுங்கள். நன்றாகப் பூட்டிய சில்லில் வால்கட்டையின் பாரமே அதைக் கீழே இழுக்கும். சில்லு கீழே போய், மறுபக்கம் கொஞ்சம் ஏறி, திரும்பிவந்து, ஊஞ்சல்போல ஆடி ஆடி ஓய்ந்து நிற்கும். அப்படி ஆடாமல் பாதியில் நின்றால் கோன் இறுக்கம். அந்த ஆட்டத்தை முதல்தடவை பார்க்கும்போது நண்பர்கள் எல்லோரும் வந்து நின்று பார்ப்பார்கள், பார்க்கவேண்டிய காட்சிதான்.

சில்லு பக்கவாட்டில் நெளிந்தால் கம்பிகளைச் சரிசெய்யவேண்டும். பிறேக் கட்டைக்குப் பக்கத்தில் ஒரு சுண்ணக்கட்டியைப் பிடித்துச் சில்லைச் சுற்றுங்கள், நெளிந்த இடத்தில் கோடு விழும். றிம் இடப்பக்கம் சாய்ந்திருந்தால், அந்த இடத்தில் ஹப்பின் வலப்பக்கத்திலிருந்து வரும் கம்பிகளை இறுக்கி, இடப்பக்கத்துக் கம்பிகளை அதே அளவு தளர்த்துங்கள். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பவேண்டாம். ரயரும் ரியூப்பும் கழற்றியிருந்தால் றிம்மின் வெளிப்பக்கமிருந்து ஸ்குறூட்ரைவரால் வலஞ்சுழியாகத் திருப்ப இறுகும். றிம் மேலும் கீழுமாகத் துள்ளினால், அல்லது நாலைந்து கம்பி முறிந்திருந்தால், சைக்கிள் கடை அண்ணையிடம் கொடுப்பதுதான் புத்தி. பல வருடக் கை அது.

செயின்

செயினை அளவுகோலால் அளந்து பாருங்கள். ஒரு கண்ணிக்கு அரை அங்குலம். ஓர் ஆணியின் நடுவிலிருந்து தொடங்கி 24 கண்ணி எண்ணினால், புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் வரும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் கூடியிருந்தால் பின்னாலுள்ள பிறீவீலின் பல்லும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்றவேண்டும்.

செயினைப் பூட்டும் லிங்கில் ஒரு சின்னக் கிளிப் இருக்கும், ஒரு முனை மூடியது, மறுமுனை பிளந்தது. மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்க்கவேண்டும். மாறிப் பூட்டினால் எங்காவது தட்டுப்பட்டுக் கிளிப் கழன்றுவிடும். இழுவையைப் பொறுத்தவரை, கீழ்ச்செயினின் நடுவை விரலால் தூக்கினால் அரை அங்குலம், கூடினால் முக்கால் அங்குலம் அசையவேண்டும். பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எல்லா இடத்திலும் பாருங்கள்.

எண்ணெய் விடும்போது ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, சில நிமிடம் கழித்து வெளியே துடைத்துவிடவேண்டும். எண்ணெய் வேலை செய்வது உள்ளேதான், வெளியே இருப்பது மணலைப் பிடிக்கும். அவசரத்துக்குத் தேங்காயெண்ணெய் விடுகிற பழக்கம் எங்களிடம் உண்டு. அது தூசியோடு சேர்ந்து பிசுபிசுத்துப்போகும், விடவேண்டாம்.

பெடல் தண்டும் கொட்டர் ஆணியும்

ஒவ்வொரு மிதிக்கும் ஒருமுறை ‘டொக்’ என்று காலில் தட்டினால், பெடல் கையைத் தண்டோடு பூட்டியிருக்கும் கொட்டர் ஆணி தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஆணியின் நட்டை முழுதாகக் கழற்றாமல், மரையின் நுனியோடு சமமாக வரும்வரை மட்டும் தளர்த்துங்கள். பெடல் கையின் அடியில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டை நிலத்தில் ஊன்றி முட்டுக்கொடுத்து, பிறகு சுத்தியலால் ஒரே அடி. முட்டில்லாமல் அடித்தால் அடி முழுதும் உள்ளேயுள்ள போல்ஸுக்குப் போய்க் குழி விழும். புது ஆணியின் தட்டைப் பக்கத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் பொருத்துங்கள். இரண்டு பக்கத்து ஆணிகளும் எதிரெதிராகப் போகவேண்டும், இல்லையென்றால் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்காது.

பிறேக்

பழைய சைக்கிள்களில் கேபிள் இல்லை, கம்பிதான். லீவரைப் பிடித்தால் கம்பிகள் மேலே இழுத்து, கட்டைகள் றிம்மின் உட்பக்கத்தில் முட்டும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தளர்ந்த ஸ்குறூவை எல்லாம் இறுக்கினாலே பாதி பிறேக் திரும்பிவிடும். கட்டைக்கும் றிம்முக்கும் 3 மில்லிமீற்றர் அளவில் இடைவெளி வையுங்கள். இரண்டு கட்டையும் ஒரே நேரத்தில் முட்டவேண்டும். கட்டையின் ரப்பர் கல்லுப்போல இறுகியிருந்தால் தேய்ந்திராவிட்டாலும் மாற்றுங்கள்.

றிம்மில் கிறீஸோ மண்ணெண்ணெயோ பட்டிருந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். மழையில் இரும்பு றிம்மில் பிறேக் மிக மோசமாகப் பிடிக்கும், எவ்வளவு நன்றாகச் சரிசெய்தாலும் அப்படித்தான். நனைந்த வீதியில் முன்கூட்டியே மெல்லப் பிடித்து றிம்மைத் துடைத்துக்கொண்டு, பிறகு அழுத்துங்கள். பிறேக் சரியாகும்வரை ஒருவரும் வளவைவிட்டு வெளியே ஓடக்கூடாது என்பதை நண்பர்களுக்குள் ஒரு கட்டாயமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுப் போடுதல், எல்லோரும் பழகவேண்டியது

காற்றுப் போனால் உடனே ரியூப்பைக் கழற்றவேண்டாம். முதலில் வால்கட்டையில் கொஞ்சம் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர்க் குழாய்தான் போயிருக்கிறது. அதை மாற்ற இரண்டு நிமிடம் போதும்.

குமிழி வராவிட்டால், ரயரின் ஒரு பக்கத்தை மட்டும் றிம்மிலிருந்து எடுத்து ரியூப்பை வெளியே இழுங்கள். பின்சில்லானாலும் கழற்றத் தேவையில்லை. ரயரைக் கிளப்பக் கூரான எதையும் பாவிக்காதீர்கள், லீவர் இல்லாவிட்டால் தடித்த கரண்டிக் காம்பு போதும். ரியூப்புக்குக் காற்றடித்துத் தண்ணீர்ப் பாத்திரத்தில் அமுக்கி ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். ஒன்றைக் கண்டதும் நிறுத்தவேண்டாம், முழுச் சுற்றும் பாருங்கள். நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சான்ட்பேப்பரால் உரசி, சொலூசனை மெல்லியதாகப் பூசுங்கள். பூசியதும் ஒட்டாமல் நாலைந்து நிமிடம் பொறுங்கள். விரலின் பின்பக்கத்தால் தொட்டால் ஈரம் ஒட்டக்கூடாது. அதற்குப் பிறகு ஒட்டை வைத்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்துங்கள். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டியது வெயிலில் கழன்றுவிடும்.

கடைசியாக, ரயரின் உட்பக்கத்தை ஒரு பஞ்சால் சுற்றித் தடவுங்கள். முள் இருந்தால் பஞ்சு இழுபடும். தீவுப்பக்க மண் வீதியோரங்களில் நெருஞ்சியும் விடத்தல் முள்ளும் உண்டு. முள்ளை எடுக்காமல் ரியூப்பைப் போட்டால் அடுத்த சந்தியிலேயே காற்றுப் போகும்.

லைற் பற்றி ஒரு வார்த்தை. பழைய டைனமோ 6 வோல்ற், 3 வாற். அது இன்னும் சுற்றினால் எறியவேண்டாம், உருளும் தலையைத் துடைத்து, அதன் தண்டுக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள். வேலைசெய்யாவிட்டால் முன்னுக்கு ஒரு சின்ன எல்ஈடி, பின்னுக்குச் சிவப்புப் பிரதிபலிப்பான், விடியப் புறப்படுவதற்கு அது போதும்.

பயணம்

ஏற்ற உயரத்தில் சீற்றை வையுங்கள். சீற்றில் உட்கார்ந்து குதிக்காலைக் கீழ்ப்பெடலில் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். பின்பு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும், அதுதான் சரி. எங்கள் ஆட்கள் பலர் சீற்றைத் தாழ்த்தி ஓடிவிட்டு முழங்கால் நோகுது என்பார்கள்.

வழி இப்படிப் போகும்: பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, ஊர்காவற்றுறை. அங்கே பாதையில் சைக்கிளோடு ஏறிக் கடலைக் கடந்தால் காரைநகர். கடக்கும்போது நடுக்கடலில் கடற்கோட்டை தெரியும். பிறகு பொன்னாலைப் பாலம், வட்டுக்கோட்டை, மானிப்பாய், யாழ்ப்பாணம். எல்லாமாக ஐம்பது கிலோமீற்றருக்கு முன்பின். இந்தச் சைக்கிள்களில் மணிக்குப் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீற்றர் என்றால் நிறுத்தங்களையும் சேர்த்து அரைநாள். பாதை ஓடுகிறதா, எத்தனை மணிக்கு என்று முதல்நாளே விசாரியுங்கள். பழுதாகி நின்றிருந்தால் போன வழியேதான் திரும்பவேண்டும்.

எந்தப் பக்கமிருந்து சுற்றுவது என்பதைக் காற்றுத்தான் முடிவுசெய்யும். சோழகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து வரும். விடியக் காற்றுக் குறைவாக இருக்கும்போதே பண்ணையால் எதிர்க்காற்றில் போய்விட்டால், மத்தியானம் திரும்பும்போது அது முதுகில் தள்ளும். வாடைக்காற்றுக் காலத்தில் வடகிழக்கிலிருந்து வரும். அப்போதும் பண்ணையாலேயே போங்கள். மரமோ வீடோ இல்லாத பண்ணைப் பாலத்தில் காற்று உங்களுக்குப் பின்னால் இருக்கும். திரும்பும்போது எதிர்க்காற்றானாலும் மானிப்பாய்ப் பக்கம் வேலிகளும் பனைகளும் மறைக்கும். பொன்னாலைப் பாலத்தில் மட்டும் கொஞ்சம் கஷ்டப்படவேண்டியிருக்கும், அங்கே ஒருவர் பின் ஒருவராக நெருங்கி ஓடி, முன்னால் போகிறவரை மாற்றி மாற்றி விடுங்கள். ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை மழைக்காலம், தவிர்க்கலாம். என் கணக்கில் ஜனவரி முடிவிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான் மிக நல்ல காலம்.

விடிய ஐந்தரைக்குப் புறப்படுங்கள். பாலத்தில் வெளிச்சம் வரும்போது இரண்டு பக்கமும் கடலேரிச் சேற்றில் கொக்கும் உள்ளானும் மேய்வதைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் கட்டாயம். தீவுகளில் பல கிணறுகள் உவர், கேட்ட இடத்தில் எல்லாம் குடிக்கிற தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. சாப்பாட்டுக்குப் பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு போனால் வேலணை சாட்டிக் கடற்கரையில் இருந்து சாப்பிடலாம். நுங்குக் காலமென்றால் வழியில் வாங்குங்கள்.

பம், ஒட்டுச் சாமான், ஸ்பனர், மேலதிக வால்கட்டை ரப்பர், கொஞ்சம் கட்டுக்கம்பி, இவற்றை ஒரு பையில் போட்டுக் கடைசியாக வருகிறவரிடம் கொடுங்கள். முன்னால் போகிறவரிடம் இருந்தால், பின்னால் ஒருவருக்குக் காற்றுப் போனது அவருக்குத் தெரியவே நேரமெடுக்கும். குழுவில் மெதுவாக ஓடுகிறவரை முன்னால் விடுங்கள், மற்றவர்கள் அவருடைய வேகத்துக்கு ஓடட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

களைப்பாகத்தான் இருக்கும், ஆனால் சைக்கிளை அப்படியே சாத்தவேண்டாம். பாலங்களில் வந்த உப்பு அன்றிரவே வேலையைத் தொடங்கிவிடும். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாளியால் மெல்ல ஊற்றிக் கழுவுங்கள். ஹப்புக்குள்ளும் பெடல் தண்டுக்குள்ளும் விசையாகத் தண்ணீர் அடிக்கக்கூடாது, கிறீஸ் கரைந்து வெளியே வந்துவிடும். எங்கள் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், காயவிட்டால் வெள்ளைப் படிவம் நிற்கும். அதனால் உடனே துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, நிக்கல் பூச்சுள்ள இடங்களில் எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவிவிடுங்கள். துருப்புள்ளி தெரிந்தால் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், நன்றாகப் போகும்.

பெயின்ற் ஆசை இன்னும் இருந்தால் இப்போது அடிக்கலாம். ராலியின் பழைய கோடுகளும் பெயரும் தெளிவாக இருந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு, துரு வெளித்த இடங்களை மட்டும் சுரண்டி, துருத்தடுப்பு பிறைமர் அடித்து, கறுப்பு எனாமல் பூசுங்கள்.

அடுத்த கிழமை நண்பர்கள் திரும்பக் கூடும்போது கொட்டர் ஆணி நட்டுக்கள், சில்லு நட்டுக்கள், பிறேக் ஸ்குறூக்கள் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புதிதாகப் பூட்டியவை முதல் நீண்ட ஓட்டத்தில் கொஞ்சம் உட்காரும். கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் நெரித்துப் பாருங்கள், தளர்ந்தது கைக்குத் தெரியும். அதைக் கால் சுற்று இறுக்கிவிட்டு, யாருடைய வீட்டுக் கோடியில் அடுத்த சைக்கிள் கிடக்கிறது என்று கேளுங்கள்.